யார்க் நகரின் வணிகர் சங்கக் கூடம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் யார்க் நகருக்கு ஒருநாள் பயணமாகப் போகிறவர்கள் பெரும்பாலும் மின்ஸ்டர் பேராலயம், ஷாம்பிள்ஸ் தெரு, ரயில்வே அருங்காட்சியகம் மூன்றையும் பார்த்துவிட்டு மாலை ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். ஷாம்பிள்ஸின் தெற்கு முனையிலிருந்து சில நிமிட நடையில் மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ் ஹால் இருக்கிறது. 1357இல் கட்டத் தொடங்கி, நான்கைந்து ஆண்டுகளில் முடித்த மரச்சட்டக் கட்டடம். கட்டியவர்கள் அந்த ஊர் வணிகர்கள். அவர்களுடைய சங்கத்தின் வழிவந்த அமைப்புதான் இன்றும் அதன் உரிமையாளர். இன்றும் அங்கேதான் கூடுகிறது. அருங்காட்சியகமாக நமக்கும் திறந்துவிடுகிறது.

அங்கே போய்க் கால்மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறவர்களையும் பார்க்கிறேன். கண்ணாடிப் பெட்டிகளைத் தேடுகிறார்கள். பெட்டிகள் குறைவு என்றதும் இவ்வளவுதானா என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டடம்தான் அங்கே பார்க்க வேண்டிய பொருள். அதை எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே நிற்பது, எதை அண்ணாந்து பார்ப்பது என்று தெரிந்தால் ஒன்றரை மணி நேரம் போதாது.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். இது தெரியாமல் போனால் உள்ளே இருப்பது வெறும் மரமும் சுவரும்தான்.

1349இல் பெரும் கொள்ளைநோய் யார்க்கைத் தாக்கியது. நகரத்தில் ஏராளமானோர் இறந்தார்கள். அதற்கு எட்டே ஆண்டுகள் கழித்து, ஊர்ப் பெரியவர்கள் சிலர், ஆண்களும் பெண்களுமாக, ஒரு பக்திச் சங்கம் தொடங்கினார்கள். இறந்தவர்களுக்காகச் செபிப்பது, நொடித்துப்போன உறுப்பினருக்குக் கைகொடுப்பது, ஏழைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அதன் வேலை. உறுப்பினர்களில் பலர் துணி, கம்பளி, கடல்கடந்த சரக்கு என்று வியாபாரம் செய்தவர்கள். அதனால் சங்கம் கூடும் இடமே வியாபாரம் பேசும் இடமாகவும் ஆனது. 1430இல் ஆறாம் ஹென்றி மன்னர் இவர்களுக்கு அரச சாசனம் கொடுத்து வணிகச் சங்கமாக அங்கீகரித்தார். 1581இல் முதலாம் எலிசபெத் அரசி புதிய சாசனம் கொடுத்தார். இப்போதுள்ள பெயர் அப்போது வந்ததுதான். தன் பணத்தைக் கடல்கடந்த வியாபாரத்தில் துணிந்து போட்டவர்களைத்தான் அன்று அட்வென்ச்சரர் என்றார்கள். வெளிநாட்டுச் சரக்கை யார்க்கில் விற்கும் உரிமை அந்தச் சாசனத்தின்படி இவர்களுக்கு மட்டும் என்று ஆனது. மீனும் உப்பும் மட்டும் விதிவிலக்கு.

யார்க் கடற்கரை ஊர் இல்லை. ஆனால் ஊஸ் ஆறு வழியாகப் படகுகள் நகரத்துக்குள் வரும்; அதே ஆற்றில் இறங்கி ஹல் துறைமுகம் போய், அங்கிருந்து பெல்ஜியக் கரைக்கும் பால்டிக் கடலுக்கும் போகலாம். இங்கிருந்து கம்பளி, துணி, ஈயம் போயின. அங்கிருந்து ஒயின், மெழுகு, இரும்பு, விலங்குத் தோல், துணிக்குச் சாயம் எல்லாம் வந்தன. ஒரு கப்பல் மூழ்கினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். சரக்கைப் பங்கு போட்டுப் பல கப்பல்களில் ஏற்றியதற்கும், சங்கம் என்ற ஒன்றை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதற்கும் அந்தப் பயம் ஒரு காரணம்.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வியாபாரம், தருமம், வழிபாடு. கட்டடத்தில் மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. மேலே பெரிய கூடம், அதற்கு நேர் கீழே ஏழைகளுக்கான விடுதி, அதன் ஓரத்தில் சிற்றாலயம்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

ஹால் இன்றும் திருமணங்களுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்கு விடப்படுகிறது. சங்கத்தின் சொந்த நிகழ்ச்சிகளும் நடக்கும். அந்த நாட்களில் பார்வையாளருக்குக் கதவு திறக்காது, அல்லது சீக்கிரமே மூடிவிடுவார்கள். ஆகவே ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஹாலின் இணையதளத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்துவிடுங்கள். தொலைதூரத்திலிருந்து வருகிறவர்கள் முந்தைய நாள் ஒருமுறை மறுபடியும் பாருங்கள். சனிக்கிழமைகளில் இது ரொம்ப முக்கியம்.

நுழைவுக் கட்டணம் உண்டு. கல்லூரி மாணவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சலுகை உண்டா என்று கேட்டுவிடுங்கள். குடும்பமாகப் போகிறவர்களும் கேளுங்கள்.

காலையில் திறந்தவுடன் போவதுதான் என் யோசனை. கூட்டம் இருக்காது, அதைவிட, பெரிய கூடத்தின் சன்னல் வழியாக வரும் வெளிச்சத்தில் கூரை மரங்கள் நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் போனால் ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள். கீழ்த்தளம் ஆற்றங்கரை ஈரத்தில் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

ஊருக்குள் வந்து சேர்வது

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நேரடி ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். லீட்ஸிலிருந்து அரை மணிக்குக் கொஞ்சம் முன்பின். லண்டனிலிருந்து எடின்பரோ போகிறவர்களுக்கு யார்க் வழியில்தான் வருகிறது. அங்கே இறங்கி அரைநாள் கழித்து அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கான ரயில்கார்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். இங்கே படிக்க வந்திருக்கும் நம் பிள்ளைகள் வந்த முதல் வாரமே அதை எடுத்துவிடுவது நல்லது. காரில் வருகிறவர்கள் நகரத்துக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஊர் எல்லையில் அஸ்கம் பார், கிரிம்ஸ்டன் பார் போன்ற இடங்களில் நிறுத்திவிட்டு அங்கிருந்து பேருந்தில் வருவதுதான் நிம்மதி.

நிலையத்திலிருந்து நடந்தே போங்கள்

இருபது நிமிட நடை. போன் வரைபடம் வேறு வழிகளையும் காட்டும். நான் சொல்வது மிக்கிள்கேட் தெரு வழியாக, ஊஸ் பாலத்தைக் கடந்து போகும் வழி. அதற்குக் காரணம் இருக்கிறது.

இடைக்காலத்தில் யார்க்கில் ஆண்டுதோறும் கார்ப்பஸ் கிறிஸ்டி திருநாளன்று, உலகம் படைக்கப்பட்டதிலிருந்து இறுதித் தீர்ப்பு வரையிலான பைபிள் கதையைத் தொடர் நாடகமாகத் தெருவில் நடத்துவார்கள். ஒவ்வொரு தொழில் சங்கத்துக்கும் ஒரு கதை. ஒவ்வொரு கதைக்கும் சக்கரம் வைத்த ஒரு மேடை வண்டி. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நகரத்தின் குறிப்பிட்ட இடங்களில் நிறுத்தி, அங்கே ஆடி, அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். விடியற்காலை நான்கரை மணிக்கே நடிகர்கள் தயாராக இருக்க வேண்டும் என்று நகராட்சியின் உத்தரவு. அந்த வண்டிகளை நிறுத்தி வைத்த கொட்டகைகள் இருந்தது டாஃப்ட் கிரீனில். நிலையத்திலிருந்து மிக்கிள்கேட் போகும்போது அது உங்கள் பக்கத்திலேயே வரும். முதல் ஆட்டம் மிக்கிள்கேட்டில், ஹோலி டிரினிட்டி மடத்தின் வாசலில். கடைசி ஆட்டம் பேவ்மென்ட் என்ற தெருவில். பேவ்மென்டிலிருந்து திரும்பினால் நாம் போகும் ஹால்.

கடைசிக் கதையான இறுதித் தீர்ப்பு, இந்த வணிகர்கள் கையில் இருந்தது. ஊரிலேயே பணக்காரச் சங்கம். வண்டியும் அதற்கேற்ற ஆடம்பரம். 1433ஆம் ஆண்டு ஒப்பந்தப் பத்திரம் ஒன்று சங்கத்தின் ஆவணங்களுக்குள் கிடந்து 1971இல்தான் ஆய்வாளர்கள் கையில் சிக்கியது. நாடகத்துக்கான சாமான் பட்டியல் அது. நான்கு சக்கர வண்டி, நரகத்தின் வாய், பேய்களுக்கான உடுப்புகளும் முகமூடிகளும், கடவுளாக நடிப்பவருக்குப் பொன்முலாம் பூசிய முகம். கடவுள் வானுலகத்துக்கு ஏறிப்போக நான்கு மூலையிலும் கயிறு கட்டிய இரும்பு இருக்கை ஒன்று. அப்புறம், சிவப்புச் சாயம் பூசிய ஒன்பது சின்னத் தேவதூதர் பொம்மைகள், வானத்தில் ஓடுவதற்கு; அவற்றை ஓடவிட நீளமான மெல்லிய கயிறு ஒன்று. ஆறு நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கெழுத்தாளர் அந்தக் கயிற்றையும் விட்டுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலை நினைத்துக்கொண்டு இந்த வழியாக நடந்தால் தெருவே வேறு மாதிரி தெரியும்.

ஊஸ் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று வலது பக்கம் கீழே பாருங்கள். எதிர்க்கரையில் தெரியும் கல்பாவிய துறைதான் கிங்ஸ் ஸ்டெய்த். கடலிலிருந்து ஆற்றேறி வந்த சரக்கு அங்கேதான் இறங்கியது. பாலத்தைத் தாண்டி நேராகப் போனால் எண்கோண விளக்குக் கோபுரம் வைத்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் தெரியும். அதைக் கடந்து பேவ்மென்ட் தெருவின் கோடிக்குப் போய் வலப்பக்கம் ஃபாஸ்கேட் தெருவில் திரும்புங்கள்.

ஹாலுக்கு இரண்டு பக்கம் வழி உண்டு. ஃபாஸ்கேட்டில் கடைகளுக்கு நடுவே, வலது கைப்பக்கம், சங்கத்தின் வண்ணச் சின்னம் பொறித்த ஒரு நுழைவாயில் இருக்கும். கவனிக்காமல் போனால் தாண்டிவிடுவீர்கள். இன்னொரு வழி பின்பக்கம் பிக்காடில்லி தெருவிலிருந்து தோட்டம் வழியாக. முதல்முறை போகிறவர்கள் ஃபாஸ்கேட் வழியாகவே நுழையுங்கள். நெருக்கமான தெருவிலிருந்து அந்தச் சின்ன வாயிலுக்குள் புகுந்ததும் எதிரே அவ்வளவு பெரிய மரவீடு எழுந்து நிற்கும். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ உள்ளவர்கள் எந்த வழி வசதி என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கட்டடம், படிகளும் மேடுபள்ளங்களும் உண்டு.

முதலில் கீழே இறங்குங்கள்

டிக்கெட் வாங்கியதும் எல்லோரும் பெரிய கூடத்துக்குள் போவார்கள். கண்ணை இழுக்கும் இடம் அதுதான். நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு முதலில் கீழ்த்தளத்துக்குப் போங்கள். அண்டர்கிராஃப்ட் என்று பலகை காட்டும்.

கீழே சுவர் கல்லும் செங்கல்லும். நமக்குச் செங்கல் சாதாரணம். ஆனால் ரோமானியர் போன பிறகு இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் செங்கல் வழக்கொழிந்து கிடந்தது. யார்க்கில் அது மறுபடி தலைகாட்டிய ஆரம்பக் கட்டடங்களில் ஒன்று இது. அந்தச் சுவருக்கு நெருங்கிப் போய்ப் பாருங்கள். ஒரு கல் இன்னொன்றைப் போல இருக்காது. நீளமும் தடிப்பும் மாறிமாறி வரும், விளிம்பு நேராக இராது.

நடுவில் தடித்த ஓக் தூண்கள் வரிசையாக நிற்கும். மேலே உள்ள கூடத்தின் தரை முழுவதும் இவற்றின் தலையில்தான். ஒரு தூணின் பக்கத்தில் நின்று, அதன் தலையிலிருந்து இருபுறமும் சாய்ந்து போகும் முட்டுக்கட்டைகளைக் கண்ணால் தொடருங்கள். ஆணிக்குப் பதில் மரமுளை. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு முளை அடித்து இறுக்கியிருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் ஏழைகள் வாழ்ந்தார்கள். 1370களின் தொடக்கத்தில் விடுதிக்கான ஏற்பாடு முடிந்தது. முதுமையிலும் நோயிலும் கையறுந்துபோன ஆண்களும் பெண்களும் இங்கே தங்க வைக்கப்பட்டார்கள். மருத்துவமனை என்றுதான் பெயர், ஆனால் நாம் இன்று நினைக்கும் மருத்துவமனை அல்ல. படுக்க இடம், குளிருக்கு நெருப்பு, சாப்பாடு, செபம். அதற்கு ஈடாக அவர்கள் சங்கத்தின் கொடையாளிகளுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இந்தத் தளம் ஏதோ ஒரு வடிவில் முதியோர் விடுதியாகவே இருந்தது. கட்டடத்திலேயே இவ்வளவு காலம் மனிதர்கள் இரவும் பகலும் வாழ்ந்த இடம் இந்த இருண்ட கீழ்த்தளம்தான். அதனால்தான் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன். மேலே இருக்கும் வெள்ளிப் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இது வெறும் நிலவறையாகத் தோன்றும்.

தண்ணீர் வந்த கதையையும் விசாரியுங்கள். தோட்டத்துக்கு அப்பால் ஃபாஸ் ஆறு. ஊஸ் பெருகும்போது ஃபாஸில் தண்ணீர் பின்னோக்கி ஏறி இந்தத் தளத்துக்குள் பலமுறை புகுந்திருக்கிறது. 1987இல் இரண்டு ஆறும் சேரும் இடத்தில் தடுப்பு மதகு கட்டினார்கள். 2015 டிசம்பரில் அந்த மதகையும் திறந்துவிட வேண்டிய நிலை வந்து, இந்தச் சுற்றுவட்டாரம் வெள்ளத்தில் மாட்டியது. ஓக் மரம் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இன்னும் நிற்கிறது. பராமரிக்கிறவர்களுக்கு எவ்வளவு வேலை என்று அங்கே நின்றால்தான் தெரியும்.

சிற்றாலயம்

கீழ்த்தளத்தின் ஓரத்தில், சில அடிகளில். பரிசுத்த திரித்துவத்தின் பெயரில் உள்ளது. இப்போதுள்ள அமைப்பு 1411ஐ ஒட்டியது. உள்ளே பார்க்கும் மரவேலைகளில் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கவனிக்க வேண்டியது அது இருக்கும் இடம். எழுந்து நடக்க முடியாதவர்கள் விடுதியில் படுத்தபடியே திருப்பலியைக் கேட்கலாம். இடைக்கால விடுதிகளை அப்படித்தான் கட்டினார்கள். 1547இல் ஆறாம் எட்வர்டின் ஆட்சி, பக்திச் சங்கங்களின் சொத்தைப் பறிக்கும் சட்டம் கொண்டு வந்தது. நாடு முழுக்க இப்படிப்பட்ட அமைப்புகள் அழிந்துபோயின. இது தப்பியது, ஏனென்றால் அதற்குள் இது பக்திச் சங்கம் மட்டுமல்ல, அரச சாசனம் பெற்ற வணிகச் சங்கமும்கூட.

இப்போது மேலே: பெரிய கூடம்

உள்ளே நுழைந்ததும் நடக்காதீர்கள். வாசலருகே நின்று முதலில் தரையைப் பாருங்கள், அப்புறம் சுவரை, கடைசியில் கூரையை.

தரை சமமாக இல்லை. நடந்தால் காலுக்கே தெரியும். சுவர்த்தூண்களும் செங்குத்தாக இல்லை. ஒன்று உள்ளே சாய்ந்திருக்கும், இன்னொன்று வெளியே. கட்டியவர்களின் கவனக்குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஓக் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, செதுக்கி, பொருத்திவிடுவார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. மழைக்காலத்தில் நம் வீட்டு மரக்கதவு உப்பி நிலையில் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே மரத்தின் இயல்புதான் இங்கே பெரிய அளவில். பச்சை மரம் வருடக்கணக்கில் காயக் காய முறுக்கிக்கொள்ளும், சுருங்கும், கூடவே மூட்டுகளையும் இறுக்கும். கட்டடம் சாய்ந்தபடியே உறுதியாகிறது.

கூரையைப் பாருங்கள். ஒரே கூரையாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கூரைகளாக இருக்கும்; நடுவே தூண் வரிசை. கூடத்தின் முழு அகலத்தையும் தாண்டும் அளவுக்கு நீளமான மரம் போட அவர்களுக்கு வழியில்லை. அதனால் இரண்டு கூடங்களை ஒட்டவைத்தது போலக் கட்டி, நடுவில் தூண்களால் தாங்கினார்கள். கீழே நீங்கள் பார்த்துவிட்டு வந்த தூண் வரிசை இப்போது நினைவுக்கு வரும். ஒவ்வொரு குறுக்குவிட்டத்தின் நடுவிலிருந்தும் ஒரு குட்டைத் தூண் எழும்பி, நான்கு திசையிலும் கை விரித்து மேல்மரங்களைத் தாங்கும். பெஞ்சில் உட்கார்ந்து அதையே ஐந்து நிமிடம் பாருங்கள். எந்தப் பாரம் எங்கே இறங்குகிறது என்று கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கூடத்தின் கோடியில் கவர்னரின் ஆசனம் இருக்கிறது. சங்கத் தலைவருக்குக் கவர்னர் என்று பெயர். இப்போதும் அதே பெயர்தான். உறுப்பினர்களின் வழக்கு, கடன் தகராறு, விலைச் சண்டை, பயிற்சிக்குச் சேர்ந்த பையன் ஓடிப்போன சங்கதி எல்லாம் இந்தக் கூடத்தில் பேசித் தீர்க்கப்பட்டன. யார் சங்கத்தில் சேரலாம், யார் சரக்கு விற்கலாம் என்பதும் இங்கே முடிவாகும். வெளியாள் கடை போட்டால் அபராதம். இந்த ஏகபோகத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எத்தனையோ சின்ன வியாபாரிகளின் பிழைப்பை அது நெரித்திருக்கும். 1835இல் நாடு முழுவதும் நகராட்சிகளைத் திருத்திய சட்டம் வந்து இத்தகைய சலுகைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே வியாபாரம் ஹல்லுக்கும், துணித்தொழில் லீட்ஸ், ஹாலிஃபாக்ஸ் பக்கமும் நகர்ந்துவிட்டன.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவரில் தொங்கும் ஓவியங்களில் கனவான்களின் முகங்களாகவே இருக்கும். ஆனால் மேரியன் கென்ட் என்ற விதவை, கணவர் போன பிறகு வியாபாரத்தைத் தானே நடத்தி, 1474இல் இந்தச் சங்கத்தின் ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றார். அதற்கும் பல நூற்றாண்டுகள் கழித்து, மௌட் செல்லர்ஸ் என்ற வரலாற்றறிஞர் சங்கத்தின் பழைய சுருள்களையும் கணக்கேடுகளையும் ஒழுங்குபடுத்திப் படித்து, 1918இல் அச்சில் கொண்டுவந்தார். நான் மேலே சொன்ன பல சங்கதிகள் நமக்குத் தெரியவந்ததில் அவருடைய உழைப்புக்குப் பெரிய பங்குண்டு. அங்கிருக்கும் தன்னார்வலர்களிடம் இந்த இருவரையும் பற்றிக் கேளுங்கள். கேட்டவுடன் அவர்கள் முகம் மலரும். அதன்பிறகு பலகையில் இல்லாத கதைகள் வரும்.

சின்ன அறைகள்

கூடத்தை ஒட்டிய அறைகளில் மேசை நாற்காலிகள், வெள்ளிப் பாத்திரங்கள், ஓவியங்கள், எடைக்கற்கள். வெள்ளியை வேகமாகப் பார்த்துவிட்டுப் போகலாம். பத்திரப் பெட்டியிடம் மட்டும் நில்லுங்கள். இந்தக் கட்டடத்தைவிடப் பழமையானது என்று கருதப்படும் பெரிய மரப்பெட்டி அது. நிலப்பத்திரம், சாசனம், கடன் சீட்டு என்று சங்கத்தின் உயிர்நாடியான காகிதங்களைப் பாதுகாத்தது. தீ பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் காப்பாற்ற வேண்டியது எது என்று அந்த வணிகர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இவ்வளவு பழைய கணக்குகள் இன்று கிடைப்பதற்கும் அந்தத் தெளிவுதான் காரணம்.

எடைக்கற்களையும் பாருங்கள். துணியில் முழம் குறைத்ததும் சரக்கில் எடை குறைத்ததும் சங்கத்தின் பெயரையே கெடுக்கும் குற்றம் என்பதால் அளவையில் கண்டிப்பாக இருந்தார்கள்.

வெளியே வந்து ஒரு சுற்று

கிளம்பும்போது பிக்காடில்லி பக்கத் தோட்டத்துக்கு வாருங்கள். முழுக் கட்டடமும் ஒரே பார்வையில் தெரிவது அங்கிருந்துதான். கீழே கல்லும் செங்கல்லும், மேலே மரச்சட்டம், அதற்கும் மேலே இரட்டைக் கூரை. உள்ளே பார்த்த ஒவ்வொன்றும் வெளியே எங்கே இருக்கிறது என்று பொருத்திப் பாருங்கள். புகைப்படத்துக்கும் இதுதான் சரியான இடம். உள்ளே படம் எடுக்க விரும்பினால் முதலில் கேட்டுவிட்டு, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் அவர்களிடம் சின்ன வேலை கொடுங்கள். கீழே எத்தனை தூண், மேலே எத்தனை தூண், எந்தத் தூண் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வரலாற்றுப் பாடம் எடுத்தால் ஓடிவிடுவார்கள். தூண் எண்ணச் சொன்னால் ஒட்டிக்கொள்வார்கள். வயதான பெற்றோரை அழைத்துப் போனால் தட்டையான, வழுக்காத செருப்போ ஷூவோ போடச் சொல்லுங்கள். தரையின் சரிவு கண்ணுக்குத் தெரியாமல் காலை இழுக்கும். சில கதவுநிலைகளில் உயரமானவர்கள் குனிய வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக்கு எங்கும் அலைய வேண்டாம். ஃபாஸ்கேட் தெருவே சின்னச் சின்ன உணவகங்களும் காபிக் கடைகளும் நிறைந்த தெரு.

இன்னும் நேரம் இருந்தால்

யார்க்கில் இடைக்காலச் சங்கக் கட்டடங்கள் வேறும் மிஞ்சியிருக்கின்றன. ஆல்ட்வார்க் பகுதியில் தையற்காரர் சங்கத்தின் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் ஹால் இருக்கிறது. அது அருங்காட்சியகம் அல்ல. பெரும்பாலும் நிகழ்ச்சிகளுக்குத்தான் திறக்கும், ஆனால் வெளியிலிருந்து பார்க்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பீஸ்ஹோம் கிரீனில் செயின்ட் அந்தோணி ஹால். ஊஸ் கரையில் நகரத்தின் கில்டுஹால். 1942இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டதில் எரிந்து, 1960இல் மறுபடி எழுந்தது. இந்த மூன்றையும் நடந்தே சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ் ஹாலில் மரம் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு கில்டுஹாலுக்குப் போனால், புதிதாகப் போட்ட மரத்துக்கும் பழைய மரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அதனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து லெண்டல் பாலத்தைக் கடந்தால் ரயில் நிலையம் பத்து நிமிடம்தான்.